டியூட்டர் மேடம் வருகிறார்

சென்னை மருத்துவக் கல்லூரி 1875-ல் முதன்முறையாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மொத்தம் நான்கு பேர். அதில் ஒருவர் மேரி ஷார்லீப், சென்னையில் வக்கீலாக இருந்த ஆங்கிலேயர் ஒருவரின் மனைவி. ஆண் டாக்டரிடம் காட்டிக்கொள்ள முடியாத வீடுகளில் பெண்கள் பிரசவத்தில் படும் பாட்டைக் கேள்விப்பட்டு, முதலில் பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிப் பயிற்சி எடுத்தார். அது போதவில்லை என்று டாக்டருக்கே படிக்க வந்தார். வந்த இடத்தில் ஒரு மூத்த டாக்டர் அவர்களிடம் நேருக்கு நேராகச் சொல்லிவிட்டாராம்: வார்டில் நீங்கள் நடமாடுவதை என்னால் தடுக்க முடியாது, ஆனால் நான் கற்பிக்க மாட்டேன் என்று. ஷார்லீப் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இது வருகிறது. 1878-ல் படிப்பை முடித்தார். 1885-ல் அவர் முன்னின்று தொடங்கிய பெண்கள் மருத்துவமனைதான் இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா ஆஸ்பத்திரியாக இருக்கிறது.

எனக்கு அந்த மூத்த டாக்டர் மேல் பெரிய கோபம் இல்லை. மாட்டேன் என்றவரை விட்டு விலகி வேறொருவரிடம் கேட்டுக்கொள்ளலாம். தினம் வகுப்பெடுத்துக்கொண்டே, "உனக்கு இது வராது" என்றும் தினம் சொல்கிற ஆசிரியரை என்ன செய்வது? நர்சிங் படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அனாடமி மறந்திருக்கும், முதல் வருஷம் வார்டில் வைத்து வாங்கிய திட்டு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கும்.

நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் ஊர்க்காரி. எழுபதுகளின் கடைசியில், தெற்கே ஓர் அரசு ஆஸ்பத்திரி நர்சிங் பள்ளியில் சேர்ந்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். எங்கள் ஊரிலிருந்து அந்தப் படிப்புக்குப் போன முதல் பிள்ளை. "கண்டவன் மூத்திரத்தையும் அள்ளிப்போட்டுட்டு வர்றவளை எவன் கட்டுவான்" என்று தாய்மாமா வீட்டு வாசலில் நின்று கத்தினார். அதையெல்லாம் தாண்டித்தான் பஸ் ஏறினேன். வீட்டுக்காரர்கள் சொல்வதை உதறிவிட்டு வரலாம் என்று தெரிந்திருந்தது. யூனிஃபார்ம் போட்ட ஒருவர், இந்த வேலையை முப்பது வருஷம் பார்த்தவர், "நீயெல்லாம் நர்ஸாகி என்ன கிழிக்கப் போற" என்று கேட்டால் எப்படி உதறுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. பின்னாளில் நானும் டியூட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இந்தத் திட்டு எங்கிருந்து வருகிறது என்று வருஷக்கணக்காகத் தேடியதில் சேர்ந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் 1860-ல் நைட்டிங்கேல் பெயரில் தொடங்கிய பள்ளியைத்தான் நவீன நர்சிங் படிப்பின் தொடக்கமாக எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். கையில் விளக்கோடு அவர் நிற்கும் படம் ஒன்று எல்லா நர்சிங் பள்ளியிலும் மாட்டியிருக்கும். அந்தப் படத்தில் வராத பெண் ஒருத்தி உண்டு. சாரா வார்ட்ரோப்பர், செயின்ட் தாமஸின் மேட்ரன். பள்ளியை அன்றாடம் நடத்தியது அவர்தான்; நைட்டிங்கேல் பெரும்பாலும் வீட்டில் படுக்கையிலிருந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மாணவிக்கும் மாதாமாதம் நிரப்ப வேண்டிய அச்சிட்ட படிவம் ஒன்று வார்ட்ரோப்பரிடம் இருந்தது. ஒரு பக்கம் கற்ற தொழில்: கட்டுப் போடுவது, படுக்கைப் புண் வராமல் பார்ப்பது, எனிமா கொடுப்பது என்று பதினாலு தலைப்பு. இன்னொரு பக்கம் குணம்: நேரம் தவறாமை, அமைதி, நம்பகம், உடை சுத்தம், வார்டு ஒழுங்கு. எல்லாவற்றுக்கும் 'மிக நன்று' முதல் பூஜ்யம் வரை மதிப்பெண்.

அந்த இரண்டாவது பக்கத்தின் மேல்தான் என் கண். அன்றைய இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி நர்ஸ் என்றாலே குடிகாரி என்ற பேச்சு இருந்தது. நல்ல குடும்பத்துப் பெண்கள் வர வேண்டுமென்றால், வருகிறவர்களின் நடத்தைக்கு ஊர் அறிய உத்தரவாதம் தர வேண்டியிருந்தது. காரணம் நியாயமானதுதான். ஆனால் அதனால் என்ன ஆயிற்று? எனிமா டியூபைத் தப்பாகப் பிடித்தால் சரியாகப் பிடிக்கக் காட்டிக்கொடுக்கலாம். 'அமைதி'யில் பூஜ்யம் வாங்கியவள் எதைத் திருத்துவாள்? திருத்த வேண்டியது அவளைத்தான் என்று ஆகிவிடுகிறது. கைவேலையில் வந்த குறை ஆளின் குறையாக மாறும் இடம் அது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த மாணவிகளுக்குப் பாடம் எடுக்க வேண்டியவர் விட்ஃபீல்ட் என்ற ஆஸ்பத்திரி மருத்துவ அலுவலர். அவர் ஒழுங்காக வகுப்பே எடுப்பதில்லை என்பது நைட்டிங்கேலுக்குத் தெரியவந்தது 1872-ல், பள்ளி தொடங்கிப் பன்னிரண்டு வருஷம் கழித்து! அதுவரை அந்தப் பெண்கள் வார்டில் வேலை பார்த்து, வேலை பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறார்கள். விட்ஃபீல்டுக்குப் பதிலாக ஜான் கிராஃப்ட் என்ற சர்ஜன் வந்தார். அதே சமயத்தில் 'ஹோம் சிஸ்டர்' என்று ஒரு பதவியும் வந்தது. விடுதியில் மாணவிகளோடு இருந்து, பாடத்தைத் திரும்பச் சொல்லிக்கொடுத்து, அழுகிறவளைக் கவனிக்க ஓர் ஆள். நைட்டிங்கேல் செய்த காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது கிரிமியப் போரில் ஏந்திய அந்த விளக்கு அல்ல, இந்த ஹோம் சிஸ்டர்தான். நம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது அந்தப் பதவி வார்டனாகிவிட்டது. கேட்டைப் பூட்டுகிறவர், அவுட்பாஸ் எழுதுகிறவர்.

இந்தியாவில் முதல் நர்சிங் பள்ளி எது என்று வைவாவில் கேட்பார்கள். சென்னை பொது மருத்துவமனை, 1871, நான்கு மாணவிகள், ஆறு மாத மருத்துவச்சிப் படிப்பு என்று சொல்லிவிட வேண்டும். வேலூரில் ஐடா ஸ்கடரின் ஆஸ்பத்திரியில் 1909-ல் பள்ளி வந்தது. 1946-ல் அங்கேயும் டெல்லியிலும் பட்டப்படிப்பு. தேதிகள் இப்படி வரிசையாக நிற்கும். அவற்றுக்கு நடுவே உள்ள விஷயம் பாடப்புத்தகத்தில் கொஞ்சமாகத்தான் வரும்: ஆஸ்பத்திரிகள் பள்ளி வைத்ததற்கு ஒரு பெரிய காரணம், மாணவி மலிவான கை. சாப்பாடும் தங்குமிடமும் கொஞ்சம் உதவித்தொகையும் கொடுத்தால் இரவு ட்யூட்டிக்கு ஆள் கிடைத்துவிடும். 1946-ல் வந்த போர் (Bhore) சுகாதாரக் கமிட்டி அறிக்கை கணக்கெடுத்தபோது இந்தியா முழுவதற்கும் பதிவு பெற்ற நர்ஸுகள் சுமார் 7,000 பேர்தான். 43,000 பேருக்கு ஒரு நர்ஸ். நர்ஸுகள் வேலை பார்க்கும் நிலைமை கேவலமாக இருக்கிறது என்று அந்த அறிக்கை மறைக்காமல் எழுதியது. ஆள் இல்லாத வார்டில் கற்றுக்குட்டிதான் ஆள். அவள் தடுமாறினால் கற்றுக்கொடுக்க யாருக்கும் நேரமில்லை. திட்ட நேரமிருக்கும், திட்டுவதற்கு அரை நிமிஷம் போதும்.

எங்கள் டியூட்டரைப் பற்றிச் சொல்கிறேன். காலை ஏழரைக்கு ஆண்கள் மெடிக்கல் வார்டு. வெள்ளைச் சேலை கஞ்சி மொடமொடப்போடு அவர் வராண்டாவில் வரும் சத்தமே தனியாகக் கேட்கும். "மேடம் வர்றாங்க" என்று ஒருத்தி கிசுகிசுத்தால் போதும், எல்லாருக்கும் கை வேர்த்துவிடும். படுக்கை போடுவது அன்றைய பாடம். அடிவிரிப்பை இழுத்துக் கட்டி, மூலையைக் கடித உறை மாதிரி மடித்து மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். மேலே மெக்கின்டாஷ் என்கிற ரப்பர் விரிப்பு, அதற்கு மேல் டிரா ஷீட். தலையணை உறையின் திறந்த வாய் வார்டு வாசலைப் பார்க்கக் கூடாது. கட்டில் சக்கரங்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருக்க வேண்டும். நான் போட்டு முடித்த படுக்கையில் ஒரு கிழவர் ஏறிப் படுத்திருந்தார், தீப்பெட்டி ஆபீஸில் காவல் பார்த்தவர், பக்கவாதம். மேடம் வந்து பார்த்தார். அவரை ஒருக்களிக்கச் சொல்லிவிட்டு விரிப்பை ஒரே உருவாக உருவித் தரையில் போட்டார். "தமிழ் மீடியம்தானே நீ? படிக்கவும் வராது, கையும் வராது. ஊருக்குப் போய்ப் பருத்தி எடு." வார்டே பார்த்தது. கிழவர் வாய் கோணிய பேச்சில், "எனக்கு நல்லாத்தானேம்மா இருந்துச்சு" என்றார். அதற்கும் சேர்த்து எனக்குத்தான் விழுந்தது.

இரவு ஹாஸ்டலில் பெட்டியைக் கட்டிவிட்டேன். பக்கத்து அறையில் நாகர்கோவில் அக்கா ஒருத்தி, மூன்றாம் வருஷம். "பெட்டிய வை மக்கா. முதல்ல சாப்பிடு" என்றாள். சாப்பிட்டு வந்ததும் தன் கட்டிலிலிருந்த விரிப்பை உருவிப் போட்டாள். "மேடம் என்ன சொன்னாங்கன்னு சொல்லு. அழாம, ஒவ்வொண்ணா." சொன்னேன். விரிப்பில் சுருக்கம் இருந்தது என்றார். தலையணை வாய் வாசலைப் பார்த்தது என்றார். தமிழ் மீடியம் என்றார். பருத்தி எடு என்றார். அக்கா கேட்டது எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது: "இதுல அந்தத் தாத்தா முதுகுக்கு எது வலிக்கும்?"

சுருக்கம் வலிக்கும். புரள முடியாதவர் முதுகுக்கடியில் ஒரு மடிப்பு இருந்தால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, தோல் சிவந்து, இரண்டு மூன்று நாளில் படுக்கைப் புண்ணாகும். தலையணை வாய் எந்தப் பக்கம் பார்த்தால் அவருக்கென்ன? அது ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டரின் கண்ணுக்காக. தமிழ் மீடியமும் பருத்தியும் யாருடைய முதுகுக்கும் இல்லை. அன்று ராத்திரி அக்கா என்னைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்ட மட்டும் பழக்கினாள், கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். "தலையணை வாயையும் திருப்பி வச்சிரு, அது ஓசிதானே" என்றாள்.

டியூட்டர் வகுப்பில் நடத்தாத இப்படி ஒரு பாடம் எல்லா நர்சிங் ஹாஸ்டலிலும் நடந்திருக்கிறது. சீனியர் அக்காமார் மேடத்தைப் போலவே நடந்து, பேசிக் காட்டுவார்கள். ஜூனியர்கள் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்க அடுத்த நாள் கேட்கப்போகும் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகுவார்கள். இங்கிலீஷ் வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதிய நோட்டு ஒன்று வருஷாவருஷம் கைமாறும். 'ஹெமட்டெமிசிஸ் – ரத்த வாந்தி. ஹீமோப்டிசிஸ் – இருமலில் ரத்தம். மாத்திச் சொன்னா செத்தோம்' என்று ஓரத்தில் யாரோ கிறுக்கியிருந்தார்கள். இதையெல்லாம் எந்த வரலாற்றிலும் பார்க்க முடியாது. நைட்டிங்கேலுக்கு ஹோம் சிஸ்டர் வைக்கப் பன்னிரண்டு வருஷம் பிடித்தது. எங்களுக்கு அந்தப் பதவி விடுதியில் தானாகவே முளைத்தது, சம்பளமில்லாமல்.

அக்காமார் எல்லாரும் தேவதைகள் என்று நினைக்க வேண்டாம். தான் வாங்கியதை அப்படியே அடுத்த வருஷப் பிள்ளைக்கு இறக்கி வைத்தவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் ராகிங்குக்கு எதிராக 1997-ல் சட்டம் வந்தது. சக மாணவர் கேலி செய்தால் கேட்க அதில் வழியிருக்கிறது. வகுப்பெடுக்கிறவர் வார்டில் வைத்து மானத்தை வாங்கினால் அது 'டிசிப்ளின்'.

ஏன் இப்படி என்பதற்கு நான் படித்ததில் உருப்படியான பதில் இசபெல் மென்சீஸ் எழுதியது. லண்டன் டேவிஸ்டாக் நிறுவனத்து உளப்பகுப்பாய்வாளர். ஒரு பெரிய பயிற்சி ஆஸ்பத்திரியின் நர்ஸுகளை ஆராய்ந்து 1960-ல் வெளியிட்டார். அந்த ஆஸ்பத்திரியின் நர்ஸுகளில் பெரும்பகுதி மாணவிகளே. அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு படிப்பை முடிக்காமல், பெரும்பாலும் தாமாகவே, விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். மென்சீஸ் சொன்ன காரணம்: சாவுக்கும் சீழுக்கும் வலிக்கும் நடுவே வேலை பார்ப்பதன் பயம் எல்லாருக்கும் இருக்கிறது, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அந்தப் பயத்தை ஏறக்கட்ட ஆஸ்பத்திரி சில பழக்கங்களை வளர்த்துக்கொள்கிறது. நோயாளியைப் பெயரால் சொல்லாமல் பத்தாம் பெட் ஈரல் என்று சொல்வது, வேலையைத் துண்டுதுண்டாகப் பிரிப்பது, மாணவியை ஒரு நோயாளியோடு ஒட்டவிடாமல் வார்டு வார்டாக மாற்றுவது. அதில் ஒன்று எனக்குச் சுரீரென்றது. ஒவ்வொரு நர்ஸும் தன்னிடமுள்ள பொறுப்பில்லாத பாதியைத் தனக்குக் கீழே இருப்பவள் தலையில் சுமத்துகிறாள் என்கிறார். தான் எங்கே தப்பு செய்துவிடுவோமோ என்ற நடுக்கம், 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே இல்லை' என்று வெளியே வருகிறது. அப்படிப் பார்த்தால், வராண்டாவில் வந்த சேலைச் சத்தத்துக்குள்ளும் ஒரு பயம் இருந்திருக்கிறது. விட்டுப் போனவர்களில் நல்ல பக்குவமுள்ள பிள்ளைகளும் இருந்தார்கள் என்று அவர் எழுதியிருப்பதை, 'தாக்குப்பிடிக்காதவள் நர்ஸாக லாயக்கில்லை' என்கிறவர்கள் ஒருமுறை வாசிக்கலாம்.

இதற்காக அந்த மேடத்தை மன்னித்துவிட்டேன் என்று எழுதப்போவதில்லை. ஆனால் அவரிடமிருந்து கற்றதை மறைக்கவும் முடியாது. மருந்துப் புட்டியின் லேபிளை மூன்று தடவை படிக்க வேண்டும்: அலமாரியிலிருந்து எடுக்கும்போது, ஊற்றும் முன், திரும்ப வைக்கும்போது. மூன்றாவது தடவையை எல்லாரும் விட்டுவிடுவார்கள், அவர் விட விடமாட்டார். பின்னால் வந்து நின்று "வாய்விட்டுப் படி" என்பார். இது முதுகுக்கு வலிக்கிற ரகம். வேலையில் இருந்த காலம் முழுக்க என் உதடு அந்த மூன்றாவது தடவைக்கு அசைந்துகொண்டுதான் இருந்தது. பருத்தி எடுக்கச் சொன்ன வாய்தான் இதையும் சொன்னது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி வீசியிருந்தால் நஷ்டம் எனக்கும், எனக்கு வாய்த்த நோயாளிகளுக்கும்தான்.

பிரித்துப் பார்ப்பது மாணவியின் சாமர்த்தியம் மட்டுமில்லை, சட்டமும் கொஞ்சம் கைகொடுத்திருக்கிறது. 1926-ல் மெட்ராஸ் மாகாணத்தில் நர்ஸுகள், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பதிவுக்கு ஒரு கவுன்சில், அதற்கென்று பரீட்சை. எங்கள் காலத்தில் ப்ராக்டிக்கலுக்கு வெளியூரிலிருந்து எக்ஸாமினர் வருவார். அவருக்கு என் தமிழ் மீடியம் தெரியாது. கிட்னி ட்ரேயை எங்கே வைக்கிறேன் என்பதுதான் தெரியும். தினம் திட்டுகிறவர் கையில் மொத்த முடிவும் இல்லை என்ற நினைப்பு எவ்வளவு பெரிய மூச்சு! 1954-ல் நர்ஸுகளின் வேலை நிலைமையை ஆராய, சென்னை மாநில சுகாதார அமைச்சர் ஏ.பி. ஷெட்டி தலைமையில் கமிட்டி. 1987-ல் சரோஜினி வரதப்பன் தலைமையில் உயர்மட்டக் கமிட்டி. பத்து மாணவிக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்றது அது. நான் டியூட்டராக இருந்த இடங்களில் அந்தக் கணக்கைப் பார்த்ததில்லை. ஐம்பது பிள்ளைகளை வார்டுகளுக்கு அனுப்பிவிட்டு ஆபீஸில் ரெக்கார்டு திருத்திக்கொண்டிருந்தால், எந்தப் பிள்ளைக்கு எந்தக் கை வரவில்லை என்று எப்படித் தெரியும்? "இந்த பேட்ச் சரியில்லை" என்று மொத்தமாகச் சொல்வது சுலபம்.

ஓய்வு பெறப்போகிற சமயத்தில் ஒரு மாணவி அழுதுகொண்டு வந்தாள். வேறொரு ஆசிரியர் அவளை, ஐ.வி. போடத் தெரியாத ஜென்மம் என்று நோயாளியின் சொந்தக்காரர்கள் முன்னால் வைத்துச் சொல்லியிருக்கிறார். படிப்பை விடப்போவதாகச் சொன்னாள். நாகர்கோவில் அக்கா கேட்ட கேள்வியையே கேட்டேன். இதில் நோயாளியின் கைக்கு எது வலிக்கும்? ஊசியைப் படுக்கவைக்கும் சாய்வு தப்பு என்று அவளே கண்டுபிடித்தாள். அப்புறம் என் பங்குக்கு ஒரு யோசனை சொன்னேன். "நாளைக்கு மேடத்துகிட்ட உன் ரெக்கார்டு நோட்டைக் கொண்டுபோ. 'நான் எதைத் திருத்தணும்னு இதுல எழுதிக் குடுங்க மேடம், பார்த்துப் பழகிட்டு வந்து காட்டுறேன்'னு மரியாதையா கேளு. ஜென்மம்னு ரெக்கார்டுல எழுத முடியாது." அவள் கேட்டாள். அந்த ஆசிரியர் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துவிட்டு, ஊசியின் சாய்வு, கட்டும் டூர்னிகே எவ்வளவு மேலே இருக்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். மறுபடி திட்டவில்லையா என்று கேட்டேன். திட்டினார், ஆனால் சாய்வைப் பற்றி மட்டும் என்றாள்.

அவள் இப்போது குவைத்தில் டயாலிசிஸ் யூனிட்டில் இருக்கிறாள். பண்டிகைக்குப் பண்டிகை போன் வரும். அங்கேயும் இன்சார்ஜ் ஒருத்தர் கத்துவாராம், கோபம் ஏறினால் அரபியிலேயே. "பாதி புரியாது மேடம், பிரிக்கிற வேலை மிச்சம்" என்கிறாள்.